பாரசீகப் பூனை

பாரசீகப் பூனை அல்லது பெர்சியன் பூனை என்பது நீண்ட உரோமமும், வட்ட வடிவ முகமும், குட்டையான மூக்கும் கொண்ட ஒரு வீட்டுப் பூனை இனமாகும். உலகில் பரவலாக வளர்க்கப்படும் பூனை இனங்களுள் இதுவும் ஒன்று. அமைதியான இயல்பு இதன் சிறப்பாகக் கூறப்படுகிறது. இன்று காணப்படும் பாரசீகப் பூனையின் தோற்றம் பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மனிதர்கள் மேற்கொண்ட தெரிவு இனப்பெருக்கத்தால் உருவானதாகும். இந்த இனத்தை விரும்பத்தக்கதாக ஆக்கும் நீண்ட உரோமம், தட்டையான முகம் ஆகிய பண்புகளே இதன் உடல்நலச் சிக்கல்கள் பலவற்றுக்கும் காரணமாக உள்ளன. இவற்றுடன், பல்நீர்க்கட்டி சிறுநீரக நோய் என்னும் பரம்பரை நோயும் இவ்வினத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது.

வரலாறு

நீண்ட உரோமம் கொண்ட பூனைகள் ஐரோப்பாவுக்கு வந்ததைப் பற்றிய பழைய குறிப்புகள் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே (1586–1652) பாரசீகத்தின் குராசான் பகுதியைச் சேர்ந்த நீண்ட உரோமப் பூனைகளை 1620 ஆம் ஆண்டளவில் இத்தாலிக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் துருக்கியின் அங்காரா பகுதியிலிருந்து அங்கோரா பூனைகள் பிரான்சு நாட்டை அடைந்தன. இவ்விரு வகைகளும் ஐரோப்பாவில் ஒன்றோடொன்று கலந்தன. எனவே, பழைய குறிப்புகளில் எது பாரசீகப் பூனை, எது அங்கோரா பூனை எனப் பிரித்தறிவது கடினம்.

1871 ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டல் பேலசில் ஹாரிசன் வேர் என்பவர் பெரிய அளவிலான பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். பூனை இனங்களுக்குரிய தரவரையறைகள் உருவாக இதுவே அடித்தளமாக அமைந்தது. இதில் பாரசீகப் பூனைகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அமெரிக்காவில் பூனை ஆர்வலர் சங்கம் 1906 ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் பூனைப் பதிவுக்கான ஆட்சிக்குழு 1910 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. அதன் பின்னர் வம்சாவளிப் பதிவும், வரையறைக்கேற்ற இனப்பெருக்கமும் ஒழுங்குபெற்றன.

2008 ஆம் ஆண்டு வெளியான பூனை இனங்களின் மரபணு ஒப்பாய்வு ஒன்றில், இன்றைய பாரசீகப் பூனைகள் மேற்காசியப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமானவை என்று கண்டறியப்பட்டது. பெயர் பாரசீகத்தைக் குறித்தாலும், பல தலைமுறைக் கலப்பினால் இவ்வினம் மரபணு அடிப்படையில் ஐரோப்பிய இனமாகவே மாறியுள்ளது என்பதை இது காட்டுகிறது.

உடலமைப்பு

பாரசீகப் பூனை நடுத்தரம் முதல் பெரிய அளவுள்ள, குட்டையான கட்டுடல் கொண்ட விலங்கு. வளர்ந்த பூனை பொதுவாக 3 முதல் 5.5 கிலோகிராம் வரை எடையுடையது. ஆண் பூனைகள் பெண் பூனைகளைவிடப் பெரியவை. இதன் முதன்மையான உடற்கூறுகள் வருமாறு:

- தலை: பெரியது, உருண்டையானது. கன்னங்கள் நிறைந்து காணப்படும்.
- காதுகள்: சிறியவை. முனை வளைந்து, ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருக்கும்.
- கண்கள்: பெரியவை, வட்டமானவை. உரோம நிறத்தைப் பொறுத்துச் செம்பு, நீலம், பச்சை ஆகிய நிறங்களில் அமையும்.
- கால்கள்: குட்டையானவை, தடித்தவை. பாதங்கள் உருண்டையானவை.
- வால்: உடல் நீளத்துடன் ஒப்பிடுகையில் குட்டையானது. அடர்ந்த உரோமத்தால் சாமரம்போல் தோன்றும்.

உரோமமும் நிறங்களும்

பாரசீகப் பூனையின் உரோமம் இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளியே நீண்ட உரோமமும், அதன் அடியில் மென்மையான அடர்ந்த கீழுரோமமும் உள்ளன. கழுத்தைச் சுற்றியுள்ள உரோமம் பிடரிபோல் நீண்டிருக்கும்.

பூனைகளின் உரோம நீளத்தை எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணு கட்டுப்படுத்துகிறது. உரோமம் குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்துவது இதன் பணி. இந்த மரபணுவில் ஏற்படும் திடீர்மாற்றங்கள் அப்பணியைத் தடைசெய்வதால் உரோமம் நீளமாக வளர்கிறது என 2007 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் காட்டின. இது ஒடுங்கு பண்பாகும். ஆகவே, தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாற்றமுற்ற மரபணுவைப் பெற்ற குட்டிக்கே நீண்ட உரோமம் அமையும்.

வெள்ளை, கறுப்பு, நீலச்சாம்பல், செம்மஞ்சள், பாலேட்டு நிறம் போன்ற ஒற்றை நிறங்களிலும், வரிகளுடனும், இரு நிறம் அல்லது மூன்று நிறக் கலவையிலும் பாரசீகப் பூனைகள் உள்ளன. உரோமத்தின் நுனியில் மட்டும் கருமை படர்ந்த வெள்ளி நிறப் பூனைகள் சின்சில்லா எனப்படுகின்றன.

முக அமைப்பும் தொடர்புடைய வகைகளும்

பழைய ஒளிப்படங்களில் காணப்படும் பாரசீகப் பூனைகளின் மூக்கு தெளிவாக முன்னோக்கி நீண்டுள்ளது. இவ்வகை இன்று மரபுவழிப் பாரசீகப் பூனை அல்லது பொம்மைமுகப் பூனை எனப்படுகிறது. கண்காட்சிகளில் குட்டை மூக்குக்கு முன்னுரிமை கிடைத்ததால், 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முகம் படிப்படியாகத் தட்டையானது. 1950களில் செம்மஞ்சள் நிறப் பூனைகளிடையே, பெக்கினீஸ் நாயை ஒத்த மிகத் தட்டையான முகமுடைய வகை தோன்றியது. மூக்கு கண்களுக்கு நடுவில் அமைந்த முகத்தைப் பின்னாளில் கண்காட்சிகள் விரும்பத்தக்க வடிவமாக ஏற்றன.

இந்தியாவில் செல்லப்பிராணி விற்பனையாளர்கள், மூக்கின் நீளத்தைக் கொண்டு இப்பூனைகளை டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்று பிரித்து அழைக்கின்றனர். பெரும்பாலும் மூக்கு குட்டையாக ஆக விலையும் உயர்கிறது.

பாரசீகப் பூனையிலிருந்து வேறு வகைகளும் உருவாயின. சியாமியப் பூனையுடன் கலந்து, முகம், காது, கால், வால் ஆகியவற்றில் மட்டும் அடர்நிறம் கொண்ட இமாலயப் பூனை உருவாக்கப்பட்டது. அமெரிக்கப் பூனை ஆர்வலர் சங்கம் இதனை 1957 இல் தனி இனமாக ஏற்று, 1984 இல் பாரசீகப் பூனையின் ஒரு பிரிவாக இணைத்தது. குறுகிய உரோமப் பூனைகளுடன் கலந்து உருவாக்கப்பட்ட எக்சாட்டிக் பூனை, முகத்தில் பாரசீகப் பூனையை ஒத்தும் உரோமத்தில் வேறுபட்டும் இருக்கும். இவ்விரு வகைகளும் பாரசீகப் பூனையின் பரம்பரை நோய்களையும் பெற்றுள்ளன.

இயல்பு

பாரசீகப் பூனைகள் அமைதியானவை. குரல் மெல்லியது. உயரமான இடங்களுக்குத் தாவி ஏறுவதைவிடத் தரையிலோ தாழ்வான இருக்கையிலோ படுத்திருப்பதை விரும்புகின்றன. பழகிய மனிதர்களிடம் அன்புடன் நடந்துகொள்ளும் இவை, இரைச்சலையும் அடிக்கடி மாறும் சூழலையும் விரும்புவதில்லை. வீட்டினுள்ளேயே வளர்வதற்கு ஏற்றவை.

எனினும், இந்த அமைதி முழுவதும் இயல்பினால் மட்டும் அமைந்ததன்று. முகம் தட்டையாக இருக்கும் அளவுக்கேற்ப மூச்சுக் குறைபாடும், கண்ணீர்க் கறையும், குறைந்த நடமாட்டமும் காணப்பட்டதாக 2016 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. ஆகவே, சோம்பலாகத் தோன்றும் ஒரு பூனை போதிய மூச்சுக்காற்று கிடைக்காமல் ஓய்ந்திருக்கவும் கூடும்.

உடல்நலச் சிக்கல்கள்

பிரித்தானியக் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 3,235 பாரசீகப் பூனைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2019 ஆம் ஆண்டு வெளியானது. அதில் உரோமக் கோளாறுகள் 12.7 விழுக்காட்டுப் பூனைகளிலும், பல் ஈறு நோய் 11.3 விழுக்காட்டுப் பூனைகளிலும், அளவுக்கு மீறி வளர்ந்த நகங்கள் 7.2 விழுக்காட்டுப் பூனைகளிலும், கண்ணிலிருந்து நீர் வடிதல் 5.8 விழுக்காட்டுப் பூனைகளிலும் பதிவாகியிருந்தன. ஆயுட்காலத்தின் இடைநிலை அளவு 13.5 ஆண்டுகள். இறப்புக் காரணங்களுள் சிறுநீரக நோய் முதலிடம் பெற்றது. அன்றாடத் தொல்லைகளாக வெளியே தெரிபவை வேறு, உயிரைப் பறிக்கும் நோய் வேறு என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

பல்நீர்க்கட்டி சிறுநீரக நோய்

சிறுநீரகங்களில் நீர் நிறைந்த கட்டிகள் பல தோன்றி, ஆண்டுதோறும் பெருத்து, நலமான திசுக்களை அழிக்கும் பரம்பரை நோய் இதுவாகும். கட்டிகள் பிறக்கும்போதே மிகச் சிறிய அளவில் இருக்கும். எனினும், பல ஆண்டுகள் வரை வெளியே எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பொதுவாக ஏழு வயதையொட்டிச் சிறுநீரகச் செயலிழப்பின் அறிகுறிகள் தோன்றுகின்றன. அவை:

- மிகுதியாகத் தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல்
- பசியின்மை, உடல் மெலிதல்
- வாந்தி, சோர்வு, உரோமம் பொலிவிழத்தல்

இந்நோய் ஓங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என 1990களில் நிறுவப்பட்டது. 2004 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பி.கே.டி.1 என்னும் மரபணுவில் இதற்குக் காரணமான திடீர்மாற்றத்தைக் கண்டறிந்தனர். மனிதர்களில் இதே வகையான நோயை உண்டாக்கும் முதன்மை மரபணுவும் இதுவே. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. மாற்றமுற்ற மரபணுவை இருபுறத்திலிருந்தும் பெறும் கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுவதாகக் கருதப்படுகிறது.

பிரித்தானியா, ஆஸ்திரேலியா, பிரான்சு ஆகிய நாடுகளில் 2001 முதல் 2003 வரை வெளியான மீயொலி ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட பாரசீகப் பூனைகளில் 40 முதல் 50 விழுக்காடு வரை இந்நோய் உடையனவாக இருந்தன. நோய் தெரியவருவதற்கு முன்பே அப்பூனைகள் பலமுறை குட்டி ஈன்றுவிடுவதே இவ்வளவு பரவலுக்குக் காரணம்.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை. பாஸ்பரஸ் குறைந்த சிறப்பு உணவு, நீர்ச்சத்து குறையாமல் காத்தல், வாந்திக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தளித்தல் ஆகியவற்றால் நோயின் துன்பத்தைக் குறைக்கலாம்.

மூச்சுக் கோளாறுகள்

முக எலும்புகள் குறுகியபோதும் அவற்றினுள் இருக்கும் மென்திசுக்கள் அதே அளவில் குறைவதில்லை. இதனால் மூக்குத் துளைகள் ஒடுங்கியும் காற்றுப்பாதை நெருக்கமாகவும் அமைகின்றன. உறங்கும்போது குறட்டை, மூச்சிரைப்பு, சிறிது விளையாடினாலும் வாயைத் திறந்து மூச்சுவிடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். நாய்கள் இரைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து இரைப்பது பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறியாகும். கடுமையான நிலையில் மூக்குத் துளைகளை அறுவை மருத்துவத்தால் அகலப்படுத்துவர். மயக்க மருந்து கொடுக்கும்போது இவ்வினப் பூனைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

கண் நோய்கள்

பூனையின் கண்ணீர் ஒரு நாளத்தின் வழியே மூக்கினுள் வடிகிறது. தட்டையான முகத்தில் இந்த நாளம் வளைந்து நெளிந்து, கோரைப்பல்லின் வேருக்கு அடியே சென்று, மேல்நோக்கித் திரும்ப நேர்கிறது. கண்ணீர் அவ்வழியே செல்ல இயலாமல் முகத்தில் வழிகிறது. அதிலுள்ள நிறமிகளால் கண்ணோரத்தில் பழுப்புக் கறை படிகிறது. ஈரமான தோல் மடிப்புகளில் அழற்சியும் கிருமித்தொற்றும் ஏற்படலாம்.

கண்கள் வெளியே புடைத்திருப்பதால் இமைகள் முழுமையாக மூடாமல் கருவிழிப் படலம் உலர்ந்து புண்ணாகலாம். இமை உட்புறம் மடிந்து இமைமயிர் கண்ணை உரசுவதும் உண்டு. தொடர்ந்த உறுத்தலால் கருவிழிப் படலத்தின் ஒரு பகுதி இறந்து கரும்புள்ளியாக மாறும் நிலை இவ்வினத்தில் மிகுதி. இதற்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவம் தேவைப்படும்.

இவற்றைத் தவிர, விழித்திரை படிப்படியாகச் சிதைந்து பார்வை முற்றிலும் மறையும் பரம்பரை நோயொன்றும் உண்டு. இது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. பாதிக்கப்பட்ட குட்டிகள் ஏறத்தாழ நான்கு மாத வயதுக்குள் பார்வையை இழக்கின்றன.

பற்களும் மகப்பேறும்

குறுகிய தாடையில் பற்களுக்குப் போதிய இடமின்மையால் அவை நெருங்கியும் திரும்பியும் முளைக்கின்றன. மேல் தாடையும் கீழ்த் தாடையும் சரியாகப் பொருந்துவதில்லை. உணவுத் துணுக்குகள் தங்கி ஈறு நோய் உண்டாகிறது. உணவைக் கவ்வி எடுப்பதும் சில பூனைகளுக்குக் கடினமாகிறது. குட்டிகளின் தலை பெரிதாக இருப்பதால் மகப்பேற்றில் சிக்கல் ஏற்படலாம். மிகத் தட்டையான முகமுடைய பூனைகளில் மூளை அறைகளில் நீர் தேங்கும் குறைபாடும் கண்டறியப்பட்டுள்ளது.

தோல், உரோமக் கோளாறுகள்

அன்றாடம் சீவாத உரோமம் சிக்குண்டு சடையாகிறது. சடை இறுகும்போது தோல் இழுபட்டு வலி உண்டாகும். அதன் அடியில் புண்களும் உண்ணிகளும் மறைந்திருக்கலாம். பூனை தன்னை நக்கித் தூய்மை செய்யும்போது விழுங்கும் உரோமம் இரைப்பையில் உருண்டையாகத் திரளும். இது பெரும்பாலும் வாந்தியாக வெளியேறும். அரிதாகக் குடலை அடைத்துவிடும்.

பாரசீகப் பூனைகளில் பூஞ்சையால் உண்டாகும் படர்தாமரை மிகுதியாகக் காணப்படுகிறது. வட்டவட்டமாக உரோமம் உதிர்தல், செதில் தோன்றுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சில பூனைகள் எந்த அறிகுறியுமின்றியே பூஞ்சையைச் சுமந்து திரியும். இந்நோய் மனிதர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், தொற்றக்கூடியது. பூஞ்சையின் வித்துக்கள் உதிர்ந்த உரோமத்தில் பல மாதங்கள் உயிருடன் இருப்பதால், பூனைக்கு மருத்துவம் செய்வதுடன் வீட்டையும் தூய்மை செய்ய வேண்டும்.

பிற நோய்கள்

இதயத் தசை தடித்து, இதயம் போதிய இரத்தத்தை ஏற்க இயலாமற்போகும் நோய் இவ்வினத்திலும் காணப்படுகிறது. சிறுநீர்ப்பையில் கால்சியம் ஆக்சலேட்டு கற்கள் உருவாகும் வாய்ப்பும் கூடுதல். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாமல் தவித்தால் அது உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். நீலக் கண்களுடைய வெள்ளைப் பூனைகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுதி. இது பாரசீகப் பூனைக்கு மட்டும் உரியதன்று.

பராமரிப்பு

உரோமத்தை நாள்தோறும் சீவுவது இவ்வினத்துக்கு இன்றியமையாதது. மேற்புறத்தை மட்டும் வருடுவதால் கீழுரோமத்தின் சிக்கு நீங்காது. அகன்ற பற்களுடைய உலோகச் சீப்பால் அடிவரை சீவ வேண்டும். அக்குள், வயிறு, பின்னங்கால், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிக்கு விரைவாக உண்டாகும். இறுகிய சடையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது மெல்லிய தோலும் வெட்டுப்பட நேரலாம். ஆகவே, அதனைக் கால்நடை மருத்துவரிடமோ பயிற்சி பெற்றவரிடமோ விடுவது நல்லது.

கண்களை நாள்தோறும் ஈரமான தூய பஞ்சினால், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சினால், துடைக்க வேண்டும். கண் சிவத்தல், கண்ணைச் சுருக்குதல், மஞ்சள் நிறச் சீழ் வடிதல் ஆகியவை துடைப்பதால் தீர்பவையல்ல; அவற்றுக்கு மருத்துவம் தேவை. தாழ்வான, அகன்ற தட்டில் உணவளித்தால் தட்டையான முகமுடைய பூனைகள் எளிதாக உண்ணும். தண்ணீர் எப்போதும் கிடைக்கும்படி வைக்க வேண்டும்.

பூனைகளுக்குப் பாதங்களில் மட்டுமே வியர்வை சுரக்கிறது. உடலை நக்கி ஈரமாக்கியும், மிகுந்த வெப்பத்தில் வாய்வழியே இரைத்தும் அவை உடற்சூட்டைத் தணிக்கின்றன. அடர்ந்த உரோமமும் ஒடுங்கிய மூச்சுப் பாதையும் இவ்விரண்டுக்கும் தடையாக உள்ளன. ஆகவே, தமிழ்நாட்டைப் போன்ற வெப்பமான பகுதிகளில் வளர்க்கப்படும் பாரசீகப் பூனைகளுக்குக் கோடைக்காலத்தில் வெப்பத்தாக்கு ஏற்படும் இடர் அதிகம். காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறை, நிழல், குளிர்ந்த தரை ஆகியவை தேவை. மூடிய மொட்டைமாடி அறையிலோ நிறுத்திவைத்த வாகனத்திலோ விடுவது உயிருக்கு ஆபத்தாகும். இரைப்பு, எச்சில் வடிதல், தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, மின்விசிறியின் காற்றுப் படச் செய்து, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மரபணுச் சோதனையும் இனப்பெருக்கமும்

பல்நீர்க்கட்டி சிறுநீரக நோயை இரு வழிகளில் கண்டறியலாம். மீயொலிச் சோதனை ஏறத்தாழ பத்து மாத வயதுக்குப் பின்னர் நம்பத்தக்க முடிவைத் தரும். மரபணுச் சோதனையை எந்த வயதிலும் செய்யலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் தேய்த்தெடுத்த மாதிரியே இதற்குப் போதுமானது.

ஓங்கு பண்பாக இருப்பதால், இந்நோயுடைய பூனைகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினால் கோட்பாட்டளவில் ஒரே தலைமுறையில் நோயை நீக்கிவிடலாம். ஆனால், நோயுற்றவை மிகுதியாக உள்ள கூட்டத்தில் அனைத்தையும் ஒரே நேரத்தில் விலக்கினால் மரபணு வேற்றுமை குறைந்து, வேறு பரம்பரை நோய்கள் தலைதூக்கலாம். ஆகவே, பிற சிறந்த பண்புகளையுடைய நோயுற்ற பூனையை நோயற்ற பூனையுடன் இணைத்து, பிறக்கும் குட்டிகளில் நோயற்றவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தெரிவு செய்யும் முறையும் கூறப்படுகிறது.

தட்டை முகத்தால் வரும் சிக்கல்களுக்கு இத்தகைய எளிய சோதனை இல்லை. அவை ஒரு மரபணுவின் பிழையால் வந்தவையல்ல. விரும்பித் தெரிவு செய்யப்பட்ட வடிவத்தாலேயே வந்தவை. இதனால் இவ்வினத்தின் தரவரையறை பற்றிய விவாதம் தொடர்கிறது. பிரித்தானிய வரையறையில், மூக்குத் தோலின் மேல் விளிம்பு கண்ணின் கீழ் இமை விளிம்பைவிட உயர்ந்திருந்தால் அது குறையாகக் கொள்ளப்படுகிறது. ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டத்தின் 11பி பிரிவு, குட்டிகளுக்கு வலியோ துன்பமோ ஊறோ உண்டாகும் என எதிர்பார்க்கத்தக்க இனப்பெருக்கத்தைத் தடைசெய்கிறது. மரபுவழி முக அமைப்பையுடைய பூனைகளை மீண்டும் போற்ற வேண்டும் என்ற கருத்தும் வளர்ப்பாளர்கள் சிலரிடையே உள்ளது.

குட்டி வாங்குவோர் தாய், தந்தைப் பூனைகளின் மரபணுச் சோதனை முடிவைக் கேட்டறிதல், மூக்குத் துளைகள் திறந்துள்ளனவா, வாயை மூடிய நிலையில் குட்டி ஓசையின்றி மூச்சுவிடுகிறதா, கண்கள் தெளிவாக உள்ளனவா, உரோமம் வட்டமாக உதிர்ந்துள்ளதா என்று பார்த்தல் ஆகியவை பயன்தரும். மிகக் குட்டையான மூக்கு அழகுக்கும் விலைக்கும் அடையாளமாகக் கருதப்படும்வரை அத்தகைய குட்டிகளே மிகுதியாக உருவாக்கப்படும். ஆகவே, இவ்வினத்தின் எதிர்கால உடல்நலம் வளர்ப்பாளர்களைப் போலவே வாங்குவோரின் தெரிவையும் பொறுத்துள்ளது.